வேலையில் உள்ளார்

வட்டார வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்குக் குலுக்கலில் விழுந்த வீடுகளில் கணக்கெடுப்பாளரான அவளுடைய அக்கா வீடும் ஒன்று. சொந்தக்காரர் வீடு வந்தால் வேறு கணக்கெடுப்பாளரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அவள் தள்ளவில்லை. மற்றவர்கள் மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்பார்கள், நாம் பக்குவமாகக் கேட்போம் என்று தானே போனாள். எல்லா வினையும் அந்தப் பக்குவத்தில்தான் ஆரம்பித்தது.

அக்கா வீட்டுக்காரர் வேலை பார்த்த பல்பு தொழிற்சாலையை மூடி ஐந்து மாதம். பிள்ளைகளுக்குத் தெரியாது. மனிதர் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப்போய், எங்கேயோ பொழுதை ஓட்டிவிட்டு வருவார். அக்கா இவளிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள்.

போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை பார்த்தாரா என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். பாடம் எழுதிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"தினமும்தான் போறேனே," என்றார் மாமா.

'வேலையில் உள்ளார்' என்ற கட்டத்தில் அவள் குறி போட்டாள். வாசலுக்குக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குலுக்கலில் விழும் ஒரு வீடு கணக்கில் ஐந்நூறு வீட்டுக்குச் சமம். ஆக, ஒரே கோட்டில் ஐந்நூறு பேருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டாள். எந்த மந்திரியாலும் முடியாத காரியம்.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. வேலையின்மை எட்டு சதவீதத்தைத் தொட்டால்தான் அரசு அந்த வட்டாரத்தில் தொழிற்பயிற்சி நிலையம் திறக்கும். இவர்கள் வட்டாரம் ஏழு புள்ளி ஒன்பது. நன்றாகவே இருக்கிறதாம்.

அறிக்கை வந்த மூன்றாம் நாள் மாமா நிலையத்தில் சேரும் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு வந்தார். நிலையம் எப்போது திறக்கும் என்று கேட்டார். வராது என்றாள். ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நான் ஒருத்தன் சொன்ன பொய்யாலயா?"

"உங்க ஒருத்தரால இல்ல மாமா. பாவமா இருந்துச்சுன்னு இன்னும் பத்து வீட்ல இப்படித்தான் தெரிஞ்சே எழுதினேன். தப்பு என்னோடதுதான்."

அவர் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் விண்ணப்பங்கள்.

"கூட வேலை பாத்தவங்க குடுத்தது. பகலெல்லாம் லைப்ரரில ஒண்ணாத்தான் உக்காந்திருக்கோம். என் மச்சினி அந்த ஆபீஸ்லதான் இருக்கா, பாத்துக்குவான்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

மேலே இருந்த பெயரை அவளுக்குத் தெரியும். அவள் பொய்யாக எழுதிய பத்து வீட்டில் ஒன்று அவருடையது. அடுத்த தாளைப் புரட்ட அவளுக்குக் கை வரவில்லை.