வால்வில் தொங்கிய மஞ்சள் சட்டை

“என் உயிர் இங்க தொங்குது, பத்திரம்,” என்றபடி தம்பி தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி வால்வுச் சக்கரத்தில் மாட்டினான்.

“வாயைக் கழுவுடா,” என்றான் அண்ணன்.

“எதுல? கழிவுத் தண்ணியிலயா?”

அண்ணன் சிரித்துவிட்டான். அந்தத் தோல் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு அவன்தான் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் ‘சாக்கடை மேனேஜர்’ என்பார்கள். தம்பியை வேலைக்குச் சேர்த்ததும் அவன்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆழமான குழியில் சேறு அள்ள வேண்டும். தோலிலிருந்து மயிரை நீக்கும் ரசாயனமும் சுண்ணாம்பும் கலந்து படிந்த சேறு. அதை அடியோடு அள்ளிய பிறகே, மேல் தொட்டியின் பச்சை நிற அமிலத் தண்ணீரைக் குழிக்குள் திறந்துவிடலாம். இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு, ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும்.

காற்றடிக்கும் மெஷின்களின் இரைச்சலில் சுவருக்கு அப்பால் கத்தினாலும் காதில் விழாது. அதனால்தான் சட்டை. இறங்குகிறவன் வால்வில் மாட்ட வேண்டும். ஏறி வந்து அவனேதான் எடுக்க வேண்டும். சட்டை தொங்கும்வரை வால்வை யாரும் தொடக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே அண்ணன்தான்.

சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பரிசோதனை அறைக்குப் போனான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் நாள். சுத்தமான தண்ணீரைக் கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே போன் அலறியது. முதலாளிதான்.

“மேல் தொட்டி வழியுதுய்யா. நடைபாதை முழுக்கப் பச்சைத் தண்ணி. அவங்க கேட்டுக்கு வந்துட்டாங்க. என் மானத்தை வாங்காம உடனே திறந்துவிடு.”

அண்ணன் ஓடினான். தண்ணீர் செருப்பை நனைத்தது. வால்வைப் பார்த்தான். சட்டை இல்லை.

அப்பாடா, பய ஏறிட்டான் என்று நினைத்துக்கொண்டே சக்கரத்தைத் திருகினான். குழாய்க்குள் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. நிமிர்ந்தபோதுதான், பக்கத்து அறை ஜன்னலுக்குள், குப்பைத் தொட்டியின் விளிம்பில், மஞ்சளாக ஏதோ கண்ணில் பட்டது.

அவன் கை தானாக வால்வை மூடியது. கால்கள் சுவரைச் சுற்றி ஓடின. அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது. குழியை நெருங்கியதும் அந்த வாடை சட்டென்று காணாமல் போனது. மூக்கு மரத்துப்போகிறதென்றால் வாயு அந்த அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

மேலே நின்று வாளி இழுக்கும் பெரியவர், எல்லோருக்கும் சித்தப்பு, ஏணியில் கால் வைத்துவிட்டார்.

“விழுந்துட்டான்டா. இடுப்புக் கயிறு வாளியில சிக்குதுன்னு அவுத்துட்டான்.”

அண்ணன் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தான்.

“விடுடா. உள்ள கிடக்கறது உன் தம்பி.”

“தெரியும் சித்தப்பு.”

“அப்ப விடு.”

“இறங்கினா நீங்களும் திரும்பி வரமாட்டீங்க. காத்தாடியைத் திருப்பிக் குழிக்குள்ள அடிக்கச் சொல்லுங்க. கொக்கி கொண்டு வாங்க.”

கீழே தம்பியின் முதுகு தெரிந்தது. முகம் சேற்றில் இருந்தது. இறங்கிவிடலாம் என்று கால்கள் துடித்தன. அவன் ஏணியை உருவி மேலே போட்டான், தன்னை நம்பாமல்.

கொக்கியில் மாட்டி மேலே கொண்டு வந்தபோது உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி அவனைத் தூணோரம் அழைத்துப் போனார்.

“அழுக்குச் சட்டை தொங்குதேன்னு நான்தான் எடுத்துப் போட்டேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்கென்னய்யா தெரியும்?”

“போன மாசம்கூடச் சொன்னேன், முதலாளி.”

“ஆயிரம் சொல்றே. சரி, போனது போச்சு. அவன் சட்டையை மாட்ட மறந்துட்டான்னு சொல்லிடு. உனக்கும் நல்லது. திறந்த கை உன் கைதானே?”

அண்ணனின் கக்கத்தில், குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்தச் சட்டை இருந்தது.

தம்பியின் மனைவி வந்தாள். யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், அழவில்லை. சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

“மாட்டலையாமே மாமா? ஆலை கேட்டுல பேசிக்கிட்டாங்க. வீட்டுலயும் அப்படித்தான், கழட்டின இடத்துலயே போட்டுட்டுப் போவாரு.”

முதலாளி தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டினான்மா. என் கண்ணு முன்னாடிதான் மாட்டினான். அதை எடுத்தவர் அந்தா நிக்கறாரு. திறந்தது நான்.”

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.