ஏப்ரல் தாளின் பின்பக்கம்

முனாப் மௌத்தாகி மூன்றரை மாதம். சாய்ந்தமருதில், உள்ளறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவருடைய மனைவி ஸுல்பிகா, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கவேண்டிய இத்தா இருந்தாள். அதோடு பரீட்சையும் வந்து தொலைத்ததுதான் கொடுமை. வெளிவாரிக் கணிதப் பட்டத்தின் கடைசிப் பரீட்சை, செப்டம்பர் நாலாம் திகதி, பேராதனையில். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதையும் விட்டால் இனி எழுத விடமாட்டார்கள்.

இத்தாவின் நாலு மாதம் பத்து நாளை அவள் தம்பி ஜவுபர் கலண்டரில் எண்ணி, செப்டம்பர் ஐந்தைச் சுற்றி வைத்திருந்தான். ஒரே ஒரு நாள் இடித்தது. புருஷன் போனவளுக்குப் பட்டம் ஒரு கேடா என்று கேட்க ஊரில் ஆளா இல்லை?

போக முடியாது என்று தெரிந்தும் அவள் கணக்குச் செய்தாள். வேறு யாரோடு கதைப்பது? முனாப் இருந்த காலத்தில், ஒன்றும் விளங்காவிட்டாலும் பக்கத்தில் குந்தியிருப்பார். இப்போது கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் துணை.

அன்றைய கணக்கு, ஒன்றிலிருந்து x ஐக் கழித்து, அந்த ‘ஒன்று சய x’ இன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்து, பூச்சியத்திலிருந்து ஒன்று வரை தொகையிட்டு வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் காண்பது. ஒன்றை நெருங்க நெருங்க வளைகோடு பிய்த்துக்கொண்டு மேலே ஓடும். ஒன்றில் அதற்குப் பெறுமானமே இல்லை. போன தடவை ஒன்றைச் சும்மா பிரதியிட்டாள். விடை சரி, வழி பிழை, புள்ளி இல்லை.

இந்தத் தடவை ஒன்றைத் தொடவில்லை. அதற்குச் சற்று முன்னே t இல் நின்றுகொண்டாள். இரண்டிலிருந்து, ஒன்று சய t இன் வர்க்கமூலத்தின் இரு மடங்கு கழிந்தது. பிறகு t ஐ இடப்பக்கத்திலிருந்து மட்டும் ஒன்றை நோக்கி நகர்த்தினாள். கழிவது தேய்ந்து பூச்சியமாக, பரப்பு இரண்டு என்று வந்தது. ‘ஒன்றைத் தாண்டி வலப்பக்கம் சார்பு இல்லை’ என்று காரணம் எழுதும்போது அவளுக்கு அழுகை முட்டியது.

இடம் போதாமல் தாளைத் திருப்பினாள். ஏப்ரல் மாதம். முனாப் போன இருபத்தாறாம் திகதியின் கீழே பொடி எழுத்தில் பிறை மாதத் திகதி, றஜப் ஒன்று.

“ஜவுபர்! இத்தாவைப் பிறைக்கெல்லுவா எண்ணோணும்? நீ இங்கிலீசு மாசத்துக்கு எண்ணியிருக்காய்!”

ஜவுபர் தலையைச் சொறிந்துகொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். “ஓம் ராத்தா, பிறைதான் கணக்காம். பிறை மாசத்துக்கு நாள் குறைவெல்லுவா, செப்டம்பர் ஒண்டோட முடியுதாம். நீங்க சோதினைக்குப் போகலாம்!”

இத்தா முடியும் அந்த நாளும் வந்தது. உம்மா சபியா குளிக்கத் தண்ணீர் நிறைத்துவிட்டு வந்து கூப்பிட்டாள். “எழும்பு மகள். நாலு நாளை மிச்சம் பிடிச்ச கெட்டிக்காரி.”

ஸுல்பிகா எழும்பவில்லை.

“அவர் போன பிறகு அவருக்கெண்டு நான் இருந்தது இந்த நாளுகள்தானே உம்மா. அதிலயும் நாலை நானே குறைச்சிட்டன்.”