அவன் பக்கம் வராத பந்து

ஜதுசனின் இடது முழங்காலுக்கு விலை பதினோராயிரத்து நானூறு பவுண். அறுந்துபோன தசைநாரை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து ஒன்றை வெட்டி அந்த இடத்தில் பொருத்துவதற்கான கூலி அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். ஆனால் வரிசை நீளம், ஓடுகிற பிள்ளைக்கு வயது இருபது. தகப்பன் வாமதேவன் லண்டனில், மோர்டன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் பாரிஸில் காய்கறிப் பெட்டி தூக்கியவர், அதற்கும் முன் ஊரில் சுன்னாகம் சந்தையில் வெங்காயக் குவியலுக்குப் பின்னால் நின்று வளர்ந்தவர். சொன்ன விலைக்கு வாங்குவது அவர்கள் குடும்பத்தில் காய்ச்சல்காரன் செய்கிற வேலை. தனியார் ஆஸ்பத்திரியின் பெண்ணோடு தொலைபேசியில் இருபது நிமிடம் மல்லுக்கட்டினார். கடைசியில் கிடைத்த கழிவு, இரண்டு நாளுக்கு இலவசக் கார் தரிப்பு.

ஒன்பது மாதம் கழித்து, பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்த முழங்கால் சட்டன் நகருக்கு அப்பாலுள்ள சேற்று மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாமதேவன் கயிற்றுக்கு வெளியே, இரண்டு சுவெட்டருக்கு மேல் கடைக் கோட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். கையில் இறைச்சி வைத்துப் பொரித்த அறுபது ரோல்ஸ் அடங்கிய பெட்டி. எதிர்ப்பக்கக் கோட்டில் சாம்பல் தொப்பி போட்ட அமெரிக்கர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர். லண்டன் பல்கலைக்கழக அணிகளில், பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிறவர்களில் ஒருவனை, ஒரேயொருவனை, முழுப் புலமைப்பரிசிலோடு கூட்டிப்போக வந்தவர். இன்று பார்ப்பார், நாளைக்கு விமானம். பிறகு அடுத்த வருடம்தான் வருவார். அடுத்த வருடம் ஜதுசனுக்குப் படிப்பு முடிந்துவிடும்.

முழங்காலில் கட்டோடு மகன் கட்டிலில் கிடந்த மாதங்களில் வாமதேவன் இந்த விளையாட்டைப் படித்தார். இருவரும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி, கல்லூரி ஆட்டங்களில் இதுவரை வந்த மிகச் சிறந்த கோர்னர்பேக் யார் என்று தேடித் தேடி வீடியோ பார்த்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்தைப் பிடிக்க ஓடிவருகிற எதிரணிக்காரனை நிழல்போலத் தொடர்ந்து, பந்து அவன் கையில் சேராமல் பார்ப்பதுதான் கோர்னர்பேக்கின் தொழில். டியோன் சாண்டர்ஸ் பந்தைப் பறித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவர்போல ஓடுவதைப் பார்த்தார். சார்ள்ஸ் வூட்சன் ஒற்றைக் கையால் ஆகாயத்திலிருந்து பந்தை இறக்கியதைப் பதினைந்து தடவை பார்த்தார். அந்த வருடத்தின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வூட்சனுக்கே போனது என்பதை முருங்கைக்காய் வாங்க வருகிறவர்களுக்கும் சொன்னார். வீடியோவில் எப்போதும் பந்து வந்தது. பந்து வராததை வீடியோ எடுத்துப் போட யாருக்கு விசர்?

இங்கேயோ பந்து வரவேயில்லை. எதிரணி இருபது முறை எறிந்திருக்கும். எல்லாம் நடுவிலும் மற்றக் கரையிலும் போய் விழுந்தன. இருபத்துநாலாம் இலக்கச் சட்டை போட்ட ஜதுசன் ஓடினான், திரும்பினான், நின்றான், மறுபடி ஓடினான். ஒரு பந்துகூட அவன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திறந்து வைத்த கடைக்குள் ஈ, இலையான்கூட வராத மாதிரி. சாம்பல் தொப்பிக்காரர் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்திருந்தார். பேனாவை இன்னும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சாமானை முன்னால் எடுத்துக் காட்டாவிட்டால் எந்த வாடிக்கைக்காரன் வாங்குவான்?

இடைவேளை விட்டார்கள். மூத்த மகள் ஜெனோஜா தேத்தண்ணி வாங்க வரிசைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவள், தம்பியின் முழங்காலை ஒன்பது மாதமாக மடக்கியும் நீட்டியும் பழக்கியவள் அவள்தான். அவள் போன அந்தப் பத்து நிமிடத்தில்தான், எதிரணியின் கறுப்பு ஜக்கெட் போட்ட உதவிப் பயிற்சியாளர் தொலைபேசியில் பேசுவது வாமதேவனின் காதில் விழுந்தது.

“ஓம் அம்மா. முடிய நேர வாறன் அம்மா. மீனை வெட்டாமல் வையுங்கோ.”

வாமதேவனுக்குக் கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்துகொண்டு போனார்.

“தம்பி எந்த ஊர்?”

“அப்பா குருநகர், அண்ணை. நான் இல்ஃபோர்ட். பேர் ஜெராட்.”

“நான் சுன்னாகம். குருநகர் மீனும் சுன்னாகத்து வெங்காயமும் ஒரே சட்டியில வேகிறது. எடும், ரெண்டாய் எடும்.”

ஜெராட் இரண்டாய் எடுத்தார். முதல் ரோல்ஸ் பாதி இறங்கும்வரை வாமதேவன் காத்திருந்தார். வாய் நிறைய இருக்கிறவன் மறுத்துப் பேசமாட்டான் என்பது சந்தைப் பாடம்.

“இருபத்துநாலாம் நம்பர் என்ர மகன். உங்கட பொடியங்கள் அந்தப் பக்கம் ஒண்டும் எறியேல்லையே, தம்பி. முழங்கால் ஒப்பரேஷன் எண்டு கேள்விப்பட்டு இரக்கப்படுறீங்களோ?”

“ஒப்பரேஷனோ?”

“அது சுகம். இடப்பக்கம் சடாரெண்டு திரும்பேக்க மட்டும் ஒரு பொட்டுத் தாமதம். மற்றும்படி புதுச்சாமான். ஒரு நாலைஞ்சை அவன்ர பக்கம் எறியச் சொல்லுமன். அமெரிக்காக்காரன் பாக்கிறான்.”

சின்னக் குறையை வாய்விட்டுச் சொன்னால்தான் பெரிய நிறையை நம்புவார்கள். ஒரு வெங்காயம் அழுகல் என்று தானே எடுத்து எறிகிறவனிடம் மூட்டையாக வாங்கிப்போவார்கள். முப்பது வருடமாகத் தவறாத வித்தை. ஜெராட் மெல்லுவதை நிறுத்தி, மைதானத்தின் மறு கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஜதுசனை ஒருமுறை பார்த்தார்.

“ரோல்ஸ் நல்ல உறைப்பு, அண்ணை. எறியச் சொல்லுறன்.”

வியாபாரம் படிந்த சந்தோசத்தில் வாமதேவன் திரும்பி வந்தார். ஜெனோஜா தேத்தண்ணியை நீட்டினாள். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி சப்பாத்தில் சிந்தியது.

“அப்பா, அவனுக்குப் பயத்திலதான் அவங்கள் எறியேல்லை. அந்தப் பக்கம் எறிஞ்சா பறிச்சுப்போடுவான் எண்டு பயம். பந்து வராட்டி அவன் திறம் எண்டு அர்த்தம். பெரிய பெரிய ஆக்களின்ர பக்கம் முழு மட்ச்சும் ஒருத்தரும் எறியமாட்டினமாம்.”

“அந்தாள் ஒண்டும் எழுதேல்லையே, பிள்ளை.”

“எழுத என்ன இருக்கு? பாத்துக்கொண்டு நிக்கிறார்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இடப்பக்கம் எண்டும் சொன்னனீங்களோ?”

வாமதேவன் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“சொன்னனீங்களோ அப்பா?”

“எங்கட ஆள் எண்டு...”

“அவர் எங்கட ஆள்தான். மற்ற டீமின்ர எங்கட ஆள்.”

விசில் ஊதுவதற்குள் வாமதேவன் கயிற்றோரமாக அரை ஓட்டமாய்ப் போய் ஜெராட்டைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. “தம்பி, நான் சொன்னதை மறந்துபோடும். அது பகிடி.”

ஜெராட் அவர் தோளில் கை வைத்தார். கையில் ரோல்ஸ் எண்ணெய் இன்னும் இருந்தது. “அண்ணை, உங்கட மகன் என்ர டீமில நிண்டா நான் செத்தாலும் வாய் திறவன். இப்ப நான் இந்தப் பக்கம் நிக்கிறன். என்ன செய்ய ஏலும், சொல்லுங்கோ.”

வாங்கியவனிடம் போய்ச் சரக்கைத் திருப்பிக் கேட்பது எந்தச் சந்தையிலும் நடக்காது.

இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிடத்தில் முதல் பந்து வந்தது. சந்தையில் படி அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் வாமதேவனின் நாக்கு தன்பாட்டில் “லாபம்” என்றது. எதிரணிக்காரன் உள்ளே போகிறவன்போலக் காட்டி வெளியே வெட்டித் திரும்பினான். ஜதுசன் இடப்பக்கம் திரும்பவேண்டி வந்தது. ஒரு பொட்டுத் தாமதம். பந்து அவனுடைய விரல்களைத் தாண்டி மற்றவனின் நெஞ்சில் போய்ச் சேர்ந்தது. எதிர்க் கரையில் சாம்பல் தொப்பிக்காரர் பேனாவை எடுத்து எழுதினார். காலையிலிருந்து வாமதேவன் எந்த எழுத்துக்காகத் தவம் கிடந்தாரோ அதே எழுத்து. இப்போது ஒவ்வொரு கோடும் அவருடைய தோலில் கீறின மாதிரி இருந்தது.

இரண்டாவதை ஜதுசன் தட்டிவிட்டான். மூன்றாவது மீண்டும் எதிரணிக்காரன் கையில் பிடிபட்டது; விழுந்த ஜதுசன் எழும்புமுன் இடது முழங்காலை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். ஜெனோஜா “ஐயோ” என்றாள். மனைவி மாலினி கடையில் நிற்கிறாள். பின்னேரம் போய் அவளுக்கு என்ன சொல்வது? பதினோராயிரத்து நானூறுக்கு வாங்கிய முழங்காலை இரண்டு ரோல்ஸுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றா?

நான்காவது பந்துக்கு முன் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்துக் கத்தினார்.

“தம்பி! உன்ர முழங்கால் அவைக்குத் தெரியும்! இடப்பக்கத்தாலதான் வருவினம்! நான்தான் சொன்னனான்!”

சுற்றி நின்ற வெள்ளைக்காரப் பெற்றோர் புன்னகைத்தார்கள். தகப்பன் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்திருப்பார்கள். கயிற்றுக்கு உள்ளே நின்றவர்களில் இரண்டே பேருக்கு அது விளங்கியது. ஒருவர் ஜெராட். மற்றவன் தலைக்கவசத்தை இந்தப் பக்கம் திருப்பி ஒரு கணம் நின்றான். கம்பிகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. கோபமா, சிரிப்பா, ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவன் எதிராளியை விட்டு விலகி நிற்பதற்குப் பதிலாக, மூச்சுப் படுகிற கிட்டத்தில், இடப்பக்கம் சடாரென்று திரும்பத் தேவைப்படாதபடி இடது தோளை வெளியே வைத்து நெருங்கி நின்றான்.

நான்காவதைத் தட்டிவிட்டான். ஐந்தாவதையும். ஜெராட் தன் ஆட்களைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். ஆறாவது வேறு மாதிரி வந்தது, அதையும் விரல் நுனியால் தட்டிவிட்டுக் கீழே விழுந்தான். எழும்ப நேரம் எடுத்தது. எழும்பி நடந்தபோது இடது கால் நிலத்தைத் தொடவா விடவா என்று யோசித்தது. வெளியே வரும்படி அவனுடைய பயிற்சியாளர் கை காட்டினார். அவன் தலையாட்டி மறுத்தான். சாம்பல் தொப்பிக்காரர் கோட்டோரமாக நடந்து வந்து, ஜதுசனுக்கு நேரே நின்றுகொண்டார்.

“கூப்பிடு பிள்ளை, வரச் சொல்லு,” என்றார் வாமதேவன். “அமெரிக்காவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்.”

“அவன் வரமாட்டான் அப்பா.”

நாலு புள்ளியால் ஜதுசனின் அணி முன்னால் நின்றது. இன்னும் ஒரேயொரு எறிதான் மிச்சம்; அது கடைசிக் கோட்டு மூலையில் பிடிபட்டால் எதிரணிக்கு ஆறு புள்ளி. எதிரணியில் எறிகிறவன் பின்வாங்கி, வேறெங்கும் பார்க்காமல், இருபத்துநாலின் பக்கம் தன்னால் முடிந்த அளவு உயரமாக எறிந்தான். இரண்டு பேர் சேற்றைச் சிதறடித்துக்கொண்டு மூலையை நோக்கி ஓடினார்கள். ஒருவன் வெளிப்பக்கம் வெட்டினான். ஜதுசனின் இடது கால் நிலத்தில் ஊன்றித் திரும்பத் தொடங்கியது. வாமதேவன் கண்ணை மூடவில்லை. விரல்கள் மட்டும் கோட்டுப் பைக்குள் தன்பாட்டில் மடிந்துகொண்டிருந்தன. எறிந்தது ஏழு. பிடிபட்டது இரண்டு. தட்டிவிட்டது நாலு. மிச்சம் ஒன்று, பழுப்பு நிறத்தில், சட்டனின் சாம்பல் வானத்தில் சுழன்றுகொண்டு நின்றது.