கட்டைக்குள் ஒரு கொண்டை ஊசி

மாது செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்குமே சிரிப்புதான் வரும். கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் இருந்துவிட்டு விடிந்ததும் வீடு திரும்பியவன், செவலைப் பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். குனிந்து ஒரு கல்லை எடுத்திருக்கலாம். நம்ம ஆளுக்குத் தூக்கக் கலக்கம். கையில் இருந்த துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மரக்கட்டையாலேயே முளைக்குச்சியை அடித்தான். தோட்டாவை முன்பே கழற்றியிருந்தது அவன் செய்த புண்ணியம். நாலு அடி விழுவதற்குள் கட்டையின் கழுத்து படக்கென்று விட்டுப்போனது.

லேசுப்பட்ட துப்பாக்கியா அது? மாமனார் சென்னப்பனுடையது. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. கண் மங்கியதும் தருமபுரிக்கு நடையாய் நடந்து லைசென்சை மருமகன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். "ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன் மாப்ள" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். மாதுவின் பெண்டாட்டி காவேரிக்கு அது அப்பாவின் பாதி உயிர். உடைந்த கட்டையைப் பார்த்த அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதாவது, புருசனிடம் மூடினாள். செவலையிடம் நன்றாகவே பேசினாள்.

"ஏ செவல, களி ஆறிப்போவுது. திங்கறவங்க வந்து திங்கலாம்னு சொல்லு."

"ஏ செவல, ஞாயித்துக்கெழம எங்கப்பா வராரு. துப்பாக்கி எங்கன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், ஆமா."

பசு இரண்டுக்கும் தலையை ஆட்டியது. மாதுவுக்குப் பசுவின் மேலேயே பொறாமை வந்துவிட்டது. மாமனார் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். பசுவிடம் போகிற அந்தக் குரல் ஒரே ஒரு தடவை தன் பக்கம் திரும்பாதா என்பதுதான் அவனுடைய ஏக்கமெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுக்கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். புளி உலுக்குகிற மாசம். பக்கத்துத் தோப்பில் பழம் சடசடவென்று விழுவதும் நிற்பதும் மறுபடி விழுவதுமாக இருந்தது. கூரை இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக இறங்கி அவன் மடியில் அசைந்தது. ஆசாரியிடம் வாங்கி வந்த வச்சிரப் பசை தகர டப்பாவில் உருகி, அந்த வாசனை தலைக்குள் ஏறிக் கண்ணைச் சொருக வைத்தது. குழலைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, வெடிப்பு இளகட்டும் என்று வெந்நீர்த் துணியைக் கட்டைமேல் சுற்றினான்.

மரத்தின் ரேகைகளைப் பார்க்கப் பார்க்க அவை ஓடத் தொடங்கின. மழைக்காலத்து ஓடை மாதிரி வளைந்து வளைந்து ஓடின. அந்தக் கரையில் காவேரி நின்றுகொண்டு என்னவோ கேட்கிறாள். உதடு அசைகிறது, ஒன்றும் காதில் விழவில்லை. "என்னா புள்ள?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான். செவலைதான் திரும்பிப் பார்த்தது.

துணியைப் பிரித்தபோது வெடிப்பு நன்றாகத் திறந்துகொண்டது. உள்ளே பழைய பசை, வெல்லப்பாகு மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. அடப்பாவி! இதே இடத்தில் முன்னமே உடைந்து ஒட்டியிருக்கிறது! வந்து பாருடி உங்கப்பன் யோக்கியதையை என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் பசைக்கு நடுவில் என்னவோ மின்னியது. இரண்டு துண்டையும் பிணைத்துப் பிடிக்க யாரோ செருகியிருந்த பித்தளைக் கொண்டை ஊசி. அந்த நெளிவை அவன் தினமும் காவேரியின் கொண்டையில் பார்க்கிறான். கத்தத் தோன்றவில்லை.

தண்ணிச் சொம்போடு வந்தவளிடம் கட்டையை அப்படியே நீட்டினான். காவேரி தன் தலையிலிருந்த ஊசியை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதன் ஜோடி. அம்மா விட்டுப்போனதில் அவளிடம் இருந்தது அந்த ஒற்றை ஊசிதான். சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ செவல..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டாள். பிறகு கட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்ப நான் சின்னப்புள்ள. அப்பாவ சோத்துக்கு வரச் சொல்லுன்னு அம்மா சொல்லும். வேணாம்னு சொல்லுன்னு அப்பா சொல்லுவாரு. நடுவுல நான் ஓடிக்கிட்டே கெடப்பேன். வெளாட்டுன்னு நெனச்சேன். கட்டைய ஒடச்சது அம்மாதான் போல, அதுக்குத்தான் ரெண்டு பேரும் பேசாம இருந்திருக்காங்க. அதுவே ஒட்டியும் வெச்சிருக்குது."

அந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா காய்ச்சலில் கிடந்து செத்துப்போனது. மாதுவுக்கு அது தெரியும்.

அவன் பசையைத் தடவினான். அம்மாவின் ஊசியை இருந்த இடத்திலேயே அவள் வைத்து அழுத்தினாள். அவன் இறுக்கிப் பிடிக்க, அவள் சைக்கிள் டியூப் துண்டை இழுத்து இழுத்துச் சுற்றினாள். விரல் மேல் விரல் பட்டது. பேச்சு மட்டும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கடத்தூர் பஸ்ஸில் சென்னப்பன் வந்து இறங்கினார். பையைக் கீழே வைத்ததும் அவர் கை துப்பாக்கியைத் தேடியது. கண்தான் மங்கல், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டியூப் சுற்றிய இடத்தில் விரல் நின்றது.

"நான்தான் ஒடச்சிட்டேன் மாமா" என்றான் மாது.

"உள்ள அம்மாவோட ஊசி இருந்துச்சுப்பா" என்றாள் காவேரி.

கிழவர் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"சாவறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பேசுனீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றார். "காய்ச்சல் விடட்டும், பேசிக்கலாம்னு இருந்தேன்."

தோப்பில் உலுக்குவதை நிறுத்திவிட்டார்கள். காவேரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஏங்க" என்றாள்.

மாது பசுவைத் திரும்பிப் பார்த்தான்.

"அத என்னா பாக்கறீங்க? உங்களத்தான். அப்பாவுக்குக் காப்பி வெக்கணும். பால் கறந்து குடுங்க."

சொம்பை எடுக்கப் போனவனுக்குக் கண்ணீரில் சொம்பு தெரியவில்லை. கையால் தடவித்தான் எடுத்தான்.