ஆவுடைத்தாய் ஒற்றைக்காலில் நின்றது

வெடிக் கம்பெனி முதலாளியின் மனைவிக்கு வெடிச்சத்தம் என்றால் பயம் என்பது சிவகாசியில் வெளியே சொல்லக்கூடிய சங்கதி இல்லை. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் சர்க்கரை வியாதி வந்தால் ஊர் அனுதாபப்படும். இதற்கு அனுதாபம் கிடையாது. ஏஜென்டு ஒருவன் காதில் விழுந்தால் கல்கத்தா வரைக்கும் சிரிப்பார்கள். ஆகவே கல்யாணமான முதல் தீபாவளியன்று, கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த ஆவுடைத்தாயைக் குனிந்து பார்த்த ராக்கப்பன், "ஏ புள்ள, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றான். சொன்னபடி இருபது வருசத்துக்கு மேல் காப்பாற்றியும் வந்தான். அந்த ஒன்றுக்காகவே அவனுடைய மற்றக் குற்றங்களையெல்லாம் அவள் மன்னித்திருந்தாள்.

ஆபத்து ஆடிப் பதினெட்டில்தான் வரும். அன்றைக்குப் பூஜை போட்டு, அந்த வருசத்துப் புதுச் சரக்கில் முதல் வெடியை வீட்டுப் பெண் கையால் பற்ற வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஒவ்வொரு ஆடிக்கும் ஆவுடைத்தாய்க்குத் தவறாமல் தலைவலி வரும். ராக்கப்பனின் அண்ணன் பெண்டாட்டி சுப்புத்தாய் ஊதுவத்தியை வாங்கிக்கொள்வாள். சுப்புத்தாய்க்கு வெடி வைப்பது அப்பளம் பொரிக்கிற மாதிரி. இந்தத் தை மாதம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்து, ராக்கப்பன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தனிக் கம்பெனி போட்டுவிட்டான். தலைவலிக்கு இனி மாற்று ஆள் இல்லை.

"ஆடிக்கு நீதான் வைக்கணும் ஆவுடை. ஏஜென்டுமாரெல்லாம் வருவாக," என்றான்.

அந்தச் சமயத்தில் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பேனர்: 'பயம் போக்கும் யோகம் — யோகச்சுடர் சூர்யபிரகாஷ்.' சுடர் அதற்கு முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றுக்கொண்டிருந்தார். வடக்கே ஏதோ மலையடிவாரத்தில் கொஞ்ச காலம் தங்கிவிட்டு வந்தபோது முடி தோளுக்கு இறங்கியிருந்தது. குரல் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தில் வகுப்பு. மேசைகளை மடக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டு, நேற்றைய முகூர்த்தத்தின் சாம்பார் வாடையில் பெண்கள் மூச்சிழுப்பார்கள். ஆவுடைத்தாயும் போய்ச் சேர்ந்தாள்.

"உள்வாங்குங்க... பிரபஞ்சத்தை உள்வாங்குங்க..."

"பிரபஞ்சத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கு அக்கா," என்று பக்கத்துப் பாயிலிருந்து பீவி ஜான் முணுமுணுப்பாள். அவள் வீட்டுக்காரருக்குத் திருத்தங்கலில் வெடிப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ். முட்டிவலிக்காக வந்தவள், பிரபஞ்சத்திடம் அவளுக்கு வேறு கோரிக்கை கிடையாது.

சுடர் ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒரு வாழ்க்கைப் பாடம் வைத்திருந்தார். குனிந்தால் பணிவு, நிமிர்ந்தால் துணிவு, படுத்தால் சரணாகதி. பயம் விலா எலும்புக்குள் குடியிருக்கிறதாம்; அதைக் காலி செய்ய வைப்பது விருட்சாசனமாம். ஒற்றைக்காலில் நின்று, மற்றப் பாதத்தைத் தொடையில் பதித்து, கையைத் தலைக்கு மேலே கூப்பி, மரம்போல நிற்பது.

"விழுறது தோல்வி இல்லம்மா. விழுந்த எடத்துலயே உக்காந்துக்கிடுறதுதான் தோல்வி."

"இதைத்தான் எங்க வீட்டுக்கு பேட்டரி விக்க வந்தப்பவும் சொன்னாரு," என்று பீவி ஜான் சாட்சி சொன்னாள்.

ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள்.

"மாஸ்டர், எனக்கு வெடின்னா பயம். வீட்டுல அவுகளுக்கு மட்டுந்தான் தெரியும்."

சுடர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இங்கன சொன்னது இங்கனயே கிடக்கும்மா. இந்தக் கூடம் கர்ப்பகிரகம் மாதிரி."

கர்ப்பகிரகத்து மூலையில் பாயசத் தவலை கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டிலேயே பழகினாள். அடுப்படியில் குக்கரை ஏற்றிவிட்டு ஒற்றைக்காலில் நிற்பாள். விசில் வந்ததும் பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பிரிட்ஜ் கதவு திறந்து, தோசைமாவு தலையில் கவிழ்ந்த நாளும் உண்டு. துடைத்துவிட்டு மறுபடி காலைத் தூக்குவாள். சித்திரை போய் வைகாசி வந்தபோது விசிலுக்குக் கண் மட்டும் சிமிட்டியது, கால் அசையவில்லை. பிறகு மொட்டை மாடிக்கு மாறினாள். சாயங்காலம் எந்தக் கம்பெனிக்காரனாவது காட்டுப்பக்கம் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பான். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் கண்ணை வைத்து அவள் நிற்பாள்.

நின்று நின்றுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெடித்த பிறகு பயம் இல்லை. வெடிக்கப்போகிறது, வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கிறபோதுதான் அத்தனையும். சுடரின் பாடங்களில் இது இல்லை. இருந்தாலும் நன்றியையெல்லாம் சுடர் கணக்கிலேயே வரவு வைத்தாள். வகுப்பில் அவள் ஆடாமல் நின்ற அன்று, "உங்க நிலை அம்புட்டு அம்சமா இருக்கும்மா" என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது.

ராக்கப்பனிடம் மூச்சு விடவில்லை. ஆடிக்கு ஊதுவத்தியை வாங்கி, குனிந்து வைத்துவிட்டு நிமிரும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அந்த முகத்தை மனசுக்குள் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. கம்பெனிக்கு வெகுதூரம் தள்ளி, கருவேலங்காட்டை வெட்டிச் சுத்தம் செய்த பொட்டலில் பந்தல். ஏஜென்டுகளுக்கு வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலி, இளநீர். நடு நாற்காலியில் மாலையோடு சூர்யபிரகாஷ் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் இங்கே எப்படி என்று ஆவுடைத்தாய் யோசிப்பதற்குள் பீவி ஜான் வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"ஏக்கா, படத்துக்கு நீங்க சம்மதிச்சீகளா? எங்க வீட்டு ஆளு அடிச்சு அனுப்புன பொறவுதான் நான் பாத்தேன்."

"எந்தப் படம்?"

பூஜைத் தட்டில் புதுப்பெட்டி இருந்தது. மேலே 'அபயம்' என்று கொட்டை எழுத்து. வலப்பக்கம் அவளுடைய போட்டோ, மரம்போல நின்றபடி. இடப்பக்கம் கேலிச்சித்திரம்: ஒரு பெண் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். கீழே, 'பயந்தவளும் பத்த வைக்கும் வெடி.' ஓரத்தில் யோக வகுப்பின் போன் நம்பர்.

மாஸ்டரிடம் பயம் என்றுதான் சொல்லியிருந்தாள். கட்டிலைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ராக்கப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு ஏஜென்டின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுடர் மைக்கைப் பிடித்தார். "இந்த அம்மா ஒரு காலத்துல கட்டிலுக்கடியில குடும்பம் நடத்துனவுக!" பந்தல் குலுங்கியது. "முதலாளி சொன்னப்ப எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. இன்னைக்கு நம்ம யோகத்தால..."

ராக்கப்பன் ஊதுவத்தியோடு வந்தான். முகமெல்லாம் சந்தோசம்.

"எப்படி இருக்கு நம்ம ஐடியா? மாஸ்டர் வந்து உன் விசயத்தைச் சொன்னாரு. இம்புட்டு நாள் இதைப் போயி மூடி வச்சிருந்தோம் பாரு! சரக்கு பிச்சுக்கிட்டுப் போகும். வையி ஆவுடை."

ஊதுவத்தியை வாங்கிக்கொண்டாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த நடுங்காத கையைத்தான் இவனுக்குக் காட்டவேண்டும் என்று மாசக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது குனிந்து வைத்தால் அந்தப் பெருமையெல்லாம் பெட்டியின் ஓரத்தில் இருக்கிற போன் நம்பருக்குப் போய்ச் சேரும்.

பொட்டலின் நடுவில் வெடி நின்றது. சுடர் மைக்கோடு கூடவே வந்தார். காற்றில் அவர் முடி விலகியபோது பார்த்தாள்: இரண்டு காதிலும் பஞ்சு, நன்றாக அடைத்து வைத்திருந்தார்.

ஆவுடைத்தாய் நின்றாள்.

"பயமா இருக்கு," என்றாள்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க," என்று பஞ்சடைத்த சுடர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"பயமா இருக்கு!"

பந்தல் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை சிரிப்பு சுடர் பக்கமாகத் திரும்பியது. "என்ன முதலாளி, லேபிள்ல உள்ளவுகளே பத்த வைக்கமாட்டேங்காக!" என்று ஏஜென்டு ஒருவன் கத்தினான்.

ராக்கப்பன் ஓடி வந்து பல்லைக் கடித்தான். "எல்லாரும் பாக்காக. மானத்த வாங்காத. சும்மா வையி!"

"உங்களுக்குத் தெரியாதா? கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்ததே நீங்கதான?"

அவன் கையில் ஊதுவத்தியைக் கொடுத்துவிட்டு, பீவி ஜான் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவளையும் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட முடியவில்லை, சுருக்கென்றுதான் இருந்தது.

ராக்கப்பன் திரியைத் தொட்டுவிட்டு வேட்டி தடுக்க ஓடி வந்தான். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். சுடர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தார். ஆவுடைத்தாய் தூரத்துக் கருவேலமரம் ஒன்றின் உச்சியில் கண்ணை வைத்தாள். சேலைக்குள் வலது பாதத்தை மெல்லத் தூக்கி இடது முழங்காலில் பதித்தாள்.

வெடித்தது. காக்காய்கள் பறந்தன. கண்கூடச் சிமிட்டவில்லை.

புகை கலைந்தபோது பீவி ஜான் குனிந்து அவள் காலடியைப் பார்த்தாள்.

"என்னக்கா, கால்ல முள்ளு குத்திருச்சா?"

"இல்ல," என்று ஆவுடைத்தாய் காலை இறக்கினாள். "சும்மாதான்."