புறாக்காரனின் இருமல்

பந்தயப் புறா வளர்ப்பில் பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் முழுக்கத் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது ஓடிலின் நினைப்பு. பறந்ததென்னவோ புறாக்கள், நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தது அவன். அவன் மனைவி கோடெலீவ் இதைப் பார்த்துப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரித்துப் பழகியிருந்தாள்.

அந்த வசந்தத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. மாடியில் அறையளவுக்கு இருந்த புறாக்கூண்டைச் சுரண்டிப் பெருக்கிவிட்டு இறங்கினால் சாயங்காலமே காய்ச்சல், நடுக்கம், மூச்சிரைப்பு. காரணத்தை அவனே கண்டுபிடித்தான். முதலில் ஜன்னல் இடுக்குக் காற்று. பிறகு பக்கத்து வயலில் அடித்த மருந்து. கடைசியில் பூனை.

"உன் பூனை மயிருதான் என் நெஞ்சுக்குள்ள போயிருக்கு. எங்கயாவது குடுத்துடு."

"பூனை எத்தனையோ வருஷமா இருக்கு. இருமல் ஈஸ்டருக்குத்தான வந்துச்சு?"

"எதுத்துப் பேசாத. ஜீவராசிகளைப் பத்தி எனக்குத் தெரியும்."

பூனை அவள் தங்கை வீட்டுக்குப் போனது. இருமல் போகவில்லை.

ஒருநாள் அவன் உதடு நீலம் பாரித்துப்போக, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரே வாரத்தில் தேறிவிட்டான். நர்ஸுகளுக்குப் புறாப் பாடம் நடத்தும் அளவுக்கு. வீடு திரும்பியதும் நேரே கூண்டுக்குள் நுழைந்தான். சாயங்காலம் மறுபடி காய்ச்சல்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர் லீஸ்பெத் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, காரணம் உங்க புறாதான். அதோட எச்சமும் இறகுத் தூசியும். உங்க உடம்பு அதைப் பகையாளின்னு நெனச்சு நுரையீரலுக்குள்ளயே சண்டை போடுது. வீங்கிப் புண்ணாகுறது நுரையீரல். இப்பவே புறாவை விட்டுட்டா பொழச்சுக்கலாம். இல்லேன்னா தழும்பாயிடும், அது மாறாது."

"சின்ன வயசுலேர்ந்து அதுங்களோடதான் மூச்சு விடுறேன். அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

"அத்தனை வருஷம் விட்டதாலதான் இப்ப ஆகுது."

வாசல் தாண்டியதும் ஓடில் சொன்னான்: "பச்சப்புள்ள. புறாவைச் சூப்புல மட்டும்தான் பாத்திருப்பா."

இருந்தாலும் பயம் உள்ளே புகுந்திருந்தது. பெயிண்ட் அடிப்பவர்கள் மாட்டும் ரப்பர் முகமூடி ஒன்று வாங்கிவந்தான்.

பந்தய ஞாயிறு. முற்றத்தில் புறாப் பந்தயச் சங்கத்து நண்பர்கள் பீரும் கையுமாகக் காத்திருந்தார்கள். பிரான்சிலிருந்து அவிழ்த்துவிட்ட புறாக்களில் ஓடிலின் நீல ஆண்புறாதான் முதலில் தேவாலயக் கோபுரத்தைத் தாண்டி வந்தது. கூண்டுக்குள் இறங்கி, காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, நேரம் பதியும் கடிகாரப் பெட்டிக்குள் போட்டால்தான் கணக்கு. புறா கூண்டு வாசலில் நின்ற பன்றிமூஞ்சியைப் பார்த்தது. இறங்காமல் கூரை உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

ஓடில் முகமூடிக்குள்ளிருந்து "வா, வா" என்று கத்தினான். வெளியே ஏதோ மாடு முக்கும் சத்தம்தான் வந்தது. புறா பக்கத்து வீட்டுக் கூரைக்கு மாறியது.

கோடெலீவ் மாடியேறி, அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, தீனி டப்பாவைக் குலுக்கினாள். அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தீனி போட்டவள் அவள்தான். புறா பொத்தென்று இறங்கியது. முதற்பரிசு.

அன்று மாலை சங்கத்தார் கூடும் பீர்க்கடையில், கண்ணாலேயே புறாவை மயக்கி இறக்கியதாக ஓடில் அளந்துகொண்டிருந்தான்.

கோடெலீவ் கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்தக் கண்ணாலய்யா? அந்தப் பன்னிமூஞ்சிக்குள்ள கண்ணு இருந்ததே புறாவுக்குத் தெரியல!"

கடையே குலுங்கிச் சிரித்தது. வெட்கப்பட்டாவது புறாக்களை விடுவான் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவனை அவள் சரியாக எடைபோடவில்லை. மறுநாள் காலை முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, வீம்புக்கென்றே வெறும் முகத்தோடு கூண்டுக்குள் போனான். அந்த வாரம் முழுக்கப் போனான். அவள் கெஞ்சினாள், கத்தினாள்; அவன் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்குப் படியேற மூச்சில்லை. நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது. அதற்குள் புறாக்களை அவள் விற்றிருந்தாள்.

இப்போதும் பார்க்க வருகிறவர்களிடம், "தரை கழுவுற சோப்பு ஒத்துக்கல, அதான்," என்கிறான். கோடெலீவ் மறுப்பதில்லை. ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலிக் கூண்டில் கட்டிய கொடியில் உலர்த்த மாடியேறிப் போகிறாள்.