இரண்டு வகை மாப்பிள்ளைகள்

வீட்டோடு மாப்பிள்ளையும் வந்துபோகும் மாப்பிள்ளையும் ஒரே பேரினத்தின் இரு வேறு சிற்றினங்கள் என்று வனத்துறை அறிவித்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் முதல் வகை. வாழிடம், பின்கட்டில் தண்ணீர் மோட்டார் பக்கம். நிலை, அழியும் தறுவாயில். மற்ற வகை முன்னறை நாற்காலியில் வாழ்வது. அது ஊரெல்லாம் பெருத்துக் கிடக்கிறது, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ஒரு வீட்டுக்கு எங்கள் வகையில் ஒன்றுக்குத்தான் அனுமதி. அதனால்தான் என் சகலை குணசீலன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பொங்கலுக்குக் கொழுந்தியாளோடு வந்த மனுஷன் மாசி பிறந்தும் கிளம்பவில்லை. போன வாரம் தொட்டி நிரம்பி வழிந்தபோது, யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். வந்துபோகிறவன் செய்கிற வேலையா இது? பதினோரு வருஷமாகப் பொன்னரசியோடு இந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறேன். அவளை விட்டு என்னால் இருக்க முடியாது. வனத்துறைக்கு மனு எழுதிப் போட்டேன்.

வனவர் இருதயராஜ் காலையிலேயே வந்து, முற்றத்துக் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டார். அத்தை தூக்குவாளியில் காபி ஊற்றி, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

மதியம் எனக்கும் குணசீலனுக்கும் முற்றத்தில் அடுத்தடுத்து இலை போட்டார்கள். அத்தை பாயசத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா மாப்பிள்ளை?"

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இன்றைக்குப் பார்த்து ஏன் கேட்கிறார் என்று யோசிப்பதற்குள் என் கை இலைக்கு மேலே நீண்டுவிட்டது.

"போதும் அத்தை, போதும் போதும்."

எங்கள் வகை போதும் என்று சொல்லாது. இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். குணசீலன் அப்படித்தான் எழுந்தார். போகிற போக்கில் என் இலையையும் எடுத்துக்கொண்டு போனார், பாவி.

வனவர் இறங்கி வந்தார். "கையை மறிச்சது பதிவாயிருச்சு சார். நீங்க வந்துபோற வகை."

"பதினோரு வருஷமா இங்கதானே இருக்கேன்?"

"அதுல சிலது லேசுல கிளம்பாது சார்."

அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பொன்னரசி வேறு சேலை கட்டிக்கொண்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வாங்க. வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வரலையா?"

"அவளுக்கு வீட்டுல வேலை. அடுத்த தடவை கட்டாயம் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.